பொரி பிஸ்கட்டில் மீன்

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எந்திரங்களைப் பற்றியும் சோதனைச்சாலையைப் பற்றியும் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி. கொல்கத்தாவில் ஒரு தின்பண்டக் கம்பெனியில் லேபிள் சரிபார்க்கும் வேலையில் நான் இருந்தபோது, அந்த வாக்கியம் ஒரு பூஜைக் காலம் முழுக்க எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

என் பெயர் விசாலாட்சி. அப்பா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர். அதனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வங்காளிகளின் வாயில் 'வ' நிற்காது. ஆபீசில் நான் 'பிஷாலாக்கி' ஆகி, தேய்ந்து 'பிஷுதி' ஆனேன். 'தி' என்பது 'திதி'யின் சுருக்கம்; பிஷு அக்கா என்று அர்த்தம். பிஷு என்பது இங்கே ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் செல்லப்பெயர். அதனால் "பிஷு சாரைப் பார்க்கணும்" என்று வரும் சப்ளையர்கள் மேஜைக்கு இந்தப் பக்கம் புடவையைப் பார்த்ததும் சிறிது நேரம் மீசையைத் தேடுவார்கள்.

எங்கள் பொது மேலாளர் ஹல்தார் சார். தங்கமான மனிதர். ஆனால் பயந்த சுபாவம். ஐப்பசிக் காற்று லேசாக அடித்தாலே குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய மீட்டிங்குக்கு வருவார். வெயிலிலும் குடை, மழையிலும் குடை, லிஃப்டிலும் குடை. "லிஃப்டுக்குள்ள எதுக்கு சார்?" என்று கேட்டால், "மேலே என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், பிஷுதி?" என்பார்.

அவர் ஒருநாள் ஏதோ வர்த்தகக் கூட்டத்துக்குப் போய்விட்டு முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். எங்கோ ஒரு கம்பெனி பிஸ்கட்டில் பால் இருப்பதை லேபிளில் போடாமல் விட்டு, வக்கீல் நோட்டீஸ் வாங்கியிருக்கிறதாம். அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டார்.

விதி என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பால், கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, சோயா, முட்டை, மீன் என்று ஒவ்வாமை தரக்கூடிய பொருள் எதையாவது சேர்த்திருந்தால் 'உள்ளது' என்று போடவேண்டும். நாம் சேர்க்காமலே, பக்கத்துச் சரக்கிலிருந்து ஒட்டிக்கொண்டு வர வாய்ப்பிருந்தால் 'இருக்கலாம்' என்று போடவேண்டும். இரண்டும் இரண்டு விஷயம். ஹல்தார் சார் பயத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாகப் பிசைந்தார்: 'இதில் பால், கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, பிஸ்தா, சோயா, முட்டை, மீன், இறால் ஆகியவை உள்ளன அல்லது இருக்கலாம்.' நாங்கள் தயாரிக்கும் அத்தனை பண்டங்களிலும் இதையே அச்சடித்துவிடுவது என்று முடிவாயிற்று.

"சார், பொரி பிஸ்கட்ல மீன் எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டேன்.

"கேன்டீன்ல வியாழக்கிழமை மீன் குழம்பு. சாப்பிட்டுட்டுத்தானே பேக்கிங்குக்குப் போறாங்க?"

"கை கழுவிட்டு, கையுறை போட்டுட்டுப் போறாங்க."

"நீ பக்கத்துல நின்னு பாத்தியா?"

"அப்போ நம்ம வாசல் கேட்லயும் இதை எழுதி மாட்டிடலாம் சார். காவலாளியும் மீன் சாப்பிடறவர்தான்."

நான் கிண்டலாகச் சொன்னேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. எல்லாவற்றிலும் எல்லாம் இருக்கிறது என்று சொன்னால் எதிலும் எதுவும் சொல்லவில்லை என்றாகிவிடும் என்று வாதாடினேன். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு அவர் பக்கம் கையைத் தூக்கினார்கள். அச்சுக்குப் போய்விட்டது.

முதல் இடி என் வீட்டுச் சுவர் வழியாகவே வந்தது. லேக் கார்டன்ஸில் எனக்கு அடுத்த ஃப்ளாட் கோமு மாமியுடையது. பொரி பிஸ்கட் பொட்டலத்தில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி. அதற்குக் கீழேயே மீன், இறால். நவராத்திரி ஐந்தாம் நாள் மாமி பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏற, என் வாசலில் நின்றாள்.

"ஏண்டி விசாலம், இதுல இறாலாமே! நான் இதை அம்பாளுக்கு நைவேத்யம் பண்ணிட்டேண்டி! வந்தவாளுக்கெல்லாம் தாம்பூலத்தோட ஒவ்வொரு பாக்கெட் வச்சுக் குடுத்திருக்கேன். குருக்காத்துப் பொம்மனாட்டிக்கு ரெண்டு!"

"மாமி, அதுல இறால் இல்லை."

"போட்டிருக்கே!"

"போட்டிருக்கு. ஆனா இல்லை."

"இல்லாததை எதுக்குடி போடணும்? எங்காத்துக்காரர் பேங்க்ல இப்படி எழுதியிருந்தா மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பா!"

மாமி அம்பாளிடம் மன்னிப்புக் கேட்கும் வகையில் ஏதோ அபிஷேகத்துக்கு ஏற்பாடு செய்யப் போனாள். போகும்போது, "நீயும் வந்து நமஸ்காரம் பண்ணு, உனக்குத்தான் முக்கியமா வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆபீசில் இதற்கு நேர்மாறான புகார் காத்திருந்தது. சாந்த்ராகாச்சியிலிருந்து ஒரு வங்காளிப் பெரியவர் ஃபோன் செய்திருந்தார். மீன் போட்ட பிஸ்கட் என்று ஆசையாக வாங்கினாராம். பாக்கெட் முழுக்கத் தின்று முடித்தும் ஒரு வாசனைகூட வரவில்லையாம். "இறாலை விடுங்க, ஒரு பொடி மீனாவது? இது மோசடி இல்லையா?" என்று கேட்டாராம். ஹல்தார் சார் குல்லாயை இறக்கிக் காதை மூடிக்கொண்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது, மூன்றாவது ஃபோன் வரும்வரை.

டாக்குரியாவிலிருந்து சுதீப்தா என்ற ஒரு தாய். அவளுடைய மகள் தித்லி இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வேர்க்கடலை, முந்திரி, பிஸ்தா எதுவும் அவளுக்கு ஆகாது. ஒருமுறை தெரியாமல் ஒரு வாய் தின்று, உதடும் தொண்டையும் வீங்கி, மூச்சுக்குத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்கு வெளியில் வாங்கித் தந்த ஒரே தின்பண்டம் எங்கள் பொரி பிஸ்கட். இப்போது அதிலும் வேர்க்கடலை என்று போட்டிருக்கிறது.

ஃபோனை எடுத்த பையன் வாடிக்கையாளர் பிரிவில் இருப்பவன், நல்ல மனசுக்காரன். "மேடம், அதெல்லாம் சும்மா சட்டத்துக்காகப் போடறது, தாராளமா குடுங்க" என்று சொல்ல வாயெடுத்தான். ரிசீவரை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"நான் தரக்கட்டுப்பாட்டுலேர்ந்து பேசறேன். நான் பாத்துச் சொல்ற வரைக்கும் குடுக்காதீங்க."

"திதி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்," என்றாள் அவள். "இருக்கா, இல்லையா?"

எனக்கு அந்தச் சரக்கு நன்றாகத் தெரியும். அதில் கடலை சேர்ப்பதில்லை. தனிக் கொட்டகையில் செய்வது. 'இல்லை' என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. பிள்ளையும் பிஸ்கட் கேட்டுப் பின்னால் அழுதுகொண்டிருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபோனில் ஒரு தாய் அவசரப்படுத்தும்போது, 'எனக்குத் தெரியும்' என்பதும் 'நான் இன்றைக்குப் பார்த்தேன்' என்பதும் ஒன்றில்லை. நேரே கொட்டகைக்குப் போனேன். பொரி தனி, அடுப்பு தனி, சல்லடை தனி. எல்லாம் சரி. ஆனால் மூட்டை தள்ளும் வண்டி மட்டும் புதிதாக நிம்கிக் கொட்டகையோடு பொது. நிம்கி என்றால் நம் ஊர் டைமண்ட் கட் மாதிரி, மைதாவில் வெட்டிப் பொரிப்பது. எங்கள் மசாலா நிம்கியில் வேர்க்கடலை மாவு சேரும். கண்ணுக்குத் தெரியாது, தின்றாலும் பிடிபடாது. வண்டியின் மூலையில் அந்த மாவு மெல்லிசாகப் படிந்திருந்தது. பிஸ்கட்டைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, "இன்னும் முடிவு வரலை, குடுக்காதீங்க" என்று அவளிடம் சொன்னேன்.

இதைக் கேட்டதும் ஹல்தார் சாருக்கு வக்கீல் நோட்டீஸ் கனவு வர ஆரம்பித்துவிட்டது. "நேர்ல போய்ப் பேசிடலாம், பிஷுதி. ஒரு மரியாதை" என்றார். காளி பூஜை முடிந்த வாரம், அவர் காரில் கிளம்பினோம். மடியில் ஒரு இனிப்புப் பெட்டி.

"என்ன சார் அது?"

"சந்தேஷ். குழந்தை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோட போலாமா?"

திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் பச்சைப் பசேலென்று பிஸ்தாச் சீவல்.

"சார், நாம எதுக்குப் போறோம்?"

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டாக்குரியா மேம்பாலத்தில் கார் நெரிசலில் நின்றிருந்தது. வெளியே எறிய மனசு வரவில்லை. காரில் விட்டுவிட்டால் யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள் என்று பயம். அவரும் டிரைவரும் மாறி மாறித் தின்று தீர்த்தார்கள். பாலம் இறங்கும்போது ஹல்தார் சார் ஏப்பம் விட்டபடி, "ஆதாரம் எதுவும் இல்லை" என்றார். மீசையில் பிஸ்தா இருந்தது.

கதவைத் திறந்தது தித்லியேதான். முன்பல் இரண்டு இல்லை. எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னிக்கு பாதாம் முந்திரி மாதிரி ஏதாவது சாப்பிட்டீங்களா?"

ஹல்தார் சாருக்குப் பொய் வராது. "பிஸ்தா," என்றார் மெல்ல.

"அப்போ கை, வாய், மீசை எல்லாம் கழுவிட்டு வாங்க. சோப்பு போட்டு."

ஒரு கம்பெனியின் பொது மேலாளர், குல்லாயைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு பெண்குழந்தை பக்கத்தில் நின்று பார்க்க, மீசைக்குச் சோப்புப் போட்டார். "இந்தப் பக்கம் இன்னும் இருக்கு" என்று அவள் திருத்தினாள்.

கூடத்தில் தித்லியின் தாத்தா உட்கார்ந்திருந்தார். தாது என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார்.

"வாங்க, வாங்க! உங்க வாக்கியத்தை நான் நிரூபிச்சாச்சு."

"என்னது?" என்றார் ஹல்தார் சார்.

"பொய்யின்னு. மீன் இருக்கலாம்னு போட்டிருக்கீங்க இல்லையா? எங்க தெருப் பூனைகிட்ட ஒரு பிஸ்கட் வச்சேன். மோந்து பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்துது பாருங்க, அவமானமா இருந்துது. ஆக மீன் இல்லை. ஒண்ணு பொய். ஒண்ணு பொய்னா மத்ததை எப்படி நம்பறது? அதுவும் இல்லாம, தித்லி தெரியாம புதுப் பாக்கெட்லேர்ந்து ரெண்டு பிஸ்கட் தின்னுட்டா. ஒண்ணும் ஆகலை. ஆக எல்லாமே பொய். முடிஞ்சுது."

"பாபா, போதும்," என்றாள் சுதீப்தா, டீ கொண்டுவந்து வைத்தபடி.

"நான் கணக்குச் சொல்றேன், நீ டீ குடு." தாது பக்கத்திலிருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினார். அவருக்காக வாங்கி வைத்திருந்தது. எங்கள் கம்பெனிச் சரக்கு. "இதுலயும் அதே வாக்கியம். எழுத்துக்கு எழுத்து அதேதான். அதனால இதுவும் பொய். பாவம் குழந்தை, எத்தனை நாளா ஒண்ணும் தின்னலை. இந்தா தித்லி, வாயைத் திற."

மசாலா நிம்கி.

நான் எழுந்தது எனக்குத் தெரியாது. முட்டி டீபாயில் இடித்தது தெரியும். அவர் கையை ஓங்கி ஒரு அடி அடித்தேன். நிம்கி மேலே பறந்து, மின்விசிறியில் பட்டு, ஹல்தார் சாரின் டீக்குள் விழுந்தது. தட்டு கவிழ்ந்து மற்றதெல்லாம் டீபாயில் நான் வைத்திருந்த அவர் குல்லாய்க்குள் கொட்டியது. சுதீப்தா மகளை வாரித் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய்விட்டாள்.

"இதுல நிஜமாவே இருக்கு," என்றேன். மூச்சு வாங்கியது. "வேர்க்கடலை மாவு. நிஜமா."

தாது தன் சிவந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. பேசியபோது குரலில் வாத்தியார் இல்லை.

"அப்படின்னா ரெண்டுலயும் ஏன் ஒரே வாக்கியம்?"

எல்லோரும் ஹல்தார் சாரைப் பார்த்தோம். அவர் டீயில் மிதந்த நிம்கியைப் பார்த்தார்.

"நீங்களா எழுதினீங்க?" என்று அம்மாவின் தோள்மேலிருந்து கேட்டாள் தித்லி.

"ஆமா."

"ஏன்?"

"பயமா இருந்துது, மா."

"எனக்கும்தான் பயம்," என்றாள் அவள். "அதனாலதான் நான் படிச்சுப் பாக்கறேன்."

கிளம்பும்போது தாது எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. "நல்ல வேளை, பலமா அடிச்சே, மா" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது காரில் ஹல்தார் சார் குல்லாயை ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டுத் தள்ளி வைத்திருந்தார்.

இத்தோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். பயந்த மனிதர்கள் ஒரு ஓரத்திலிருந்து கிளம்பினால் நடுவில் நிற்க மாட்டார்கள், எதிர் ஓரத்துக்கே போவார்கள். மறுநாள் மார்க்கெட்டிங் இளைஞன் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான். பொரி பிஸ்கட் பாக்கெட்டில் சிரிக்கும் குழந்தை, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'கடலை அறவே இல்லை! அம்மாக்களின் நிம்மதி!' ஹல்தார் சாருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "அந்தக் குழந்தைக்காக," என்றார். "கையெழுத்துப் போடு பிஷுதி, இன்னிக்கே அச்சுக்கு அனுப்பணும்."

"வண்டி இன்னும் பொதுவாத்தான் இருக்கு சார். சோதனை முடிவும் வரலை."

"ரெண்டு பிஸ்கட் தின்னும் அவளுக்கு ஒண்ணும் ஆகலையே!"

"அது தாதுவோட கணக்கு சார். நேத்திக்கு அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டுதுன்னு பாத்தீங்க."

"நீங்க போடலைன்னா நான் போட்டு அனுப்பறேன்," என்றான் இளைஞன்.

"தாராளமா. ஆனா முதல் பாக்கெட்டை நீயே டாக்குரியாவுக்கு எடுத்துட்டுப் போ. கதவை அந்தப் பொண்ணு திறப்பா. அவ கேக்கற கேள்விக்கெல்லாம் நின்னு பதில் சொல்லிட்டு வா. சாரைக் கேளு, எப்படிக் கேப்பான்னு."

ஹல்தார் சாரின் கை தானாக மீசைக்குப் போனது. படத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். "காத்திருக்கலாம்," என்றார்.

பண்டிகை விற்பனை இன்னும் ஓயாத நேரம். அந்த வாக்கியத்தோடு இருந்த பொட்டலங்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தோம். ஏஜெண்டுகள் திட்டியதை இங்கே எழுத முடியாது. வண்டி, சல்லடை, துடைப்பம் வரை கொட்டகைக்குக் கொட்டகை பிரித்தோம். பிஸ்கட்டைத் திரும்பத் திரும்பச் சோதித்தோம். அப்புறம்தான் எழுதினோம். பொரி பிஸ்கட்டில் கடலை இல்லை. நிம்கியில் பெரிதாக, 'வேர்க்கடலை உள்ளது'. க்ரீம் பிஸ்கட்டில், அதே பெல்ட்டில் முந்திரி பிஸ்கட்டும் ஓடுவதால், 'முந்திரி இருக்கலாம்'. மீனும் இறாலும் கேன்டீனுக்கே திரும்பின. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த இடத்தில் நின்று எதைப் பார்த்தோம் என்று எங்களால் விரல் நீட்டிக் காட்ட முடிந்தது. எங்கே விரல் நீட்ட முடியவில்லையோ அங்கே சொல்லையும் எழுதவில்லை. உங்களிடம் நான் கேட்பதும் இதுதான்.

புதுப் பொட்டலங்களில் ஒவ்வொன்று தித்லிக்கு அனுப்பினோம், பிரிக்காமல் படித்துப் பார்க்க மட்டும் என்று சொல்லி. ஒரு மத்தியானம் ஆபீசுக்கு ஃபோன் வந்தது.

"பிஷு ஆன்ட்டி, படிச்சேன். நிம்கியில கடலை உள்ளதுன்னு போட்டிருக்கு. நான் சாப்பிடக் கூடாது, இல்லையா?"

"கூடவே கூடாது."

"அச்சா." குரல் சந்தோஷமாக இருந்தது. "எல்லாரும் 'எதுக்கும் வேண்டாமே, எதுக்கும் வேண்டாமே'ம்பாங்க. நீங்கதான் நேரா கூடாதுன்னு சொன்னீங்க. க்ரீம் பிஸ்கட்ல இருக்கலாம்னு போட்டிருக்கே, அது நிஜ இருக்கலாமா?"

"நிஜ இருக்கலாம்தான். நாங்க நல்லா கழுவறோம். இருந்தாலும் உறுதியா சொல்ல முடியலை."

"அப்போ அதுவும் வேண்டாம்." காகிதம் சரசரத்தது, பொட்டலங்களை ஒதுக்கி வைக்கிறாள் போலும். பிறகு பல்லில்லாத வாயால் கெக்கெக்கென்று சிரித்தாள். "ஆன்ட்டி, நீங்க பிஸ்கட் கடைக்காரங்க. பொரி பிஸ்கட் தவிர என்கிட்ட ஒண்ணும் விக்க மாட்டேங்கறீங்களே!"

ஃபோனை வைத்தேன். ஹல்தார் சார் கதவோரம் நின்றிருந்தார்.

"யாரு, அந்தப் பொண்ணா? என்ன சொன்னா? வாங்கிப்பாளாமா?"

"இல்லை சார். நிம்கியும் வேண்டாம், க்ரீமும் வேண்டாம்னுட்டா."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தால் எப்படி முகம் மலருமோ அப்படி மலர்ந்தது.

"ரொம்ப நல்லது," என்றார்.